ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு: பாடப்பிரிவைத் தேடுவதிலிருந்து முதல் தேர்வு வரை

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்பது முக்கால்வாசி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. செமஸ்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 400 யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதற்குள் அடங்கிவிடும். மீதிக் கால்வாசி விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஷ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க் போன்ற ஊர்கள் அடங்கிய பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலை மாணவர்களுக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை நிர்ணயித்திருக்கிறது. தனியார் கல்லூரிகளின் கட்டணமோ தனிக்கதை.

நம் ஊர் ஏஜென்ட்டுகள் பலர் அந்தத் தனியார் கல்லூரிகளையே முதலில் நீட்டுவதற்குக் காரணம் எளிது: மாணவரைச் சேர்த்துவிட்டால் அங்கே கமிஷன் கிடைக்கும்; அரசுப் பல்கலைக்கழகத்தில் கிடைக்காது. விண்ணப்ப வேலை முழுவதையும் நீங்களே செய்யலாம் என்பதுதான் என் கட்சி. அறிவுக்கூர்மையைவிடப் பொறுமையாக வாசிக்கும் பழக்கமே இதற்கு அதிகம் தேவை. ஜெர்மானியர்கள் எல்லா விதிகளையும் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியிருப்பதை முழுதாகப் படிக்காதவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் பொறியியல் அல்லது அறிவியல் இளநிலை முடித்து, ஆங்கிலவழி முதுநிலைக்குப் போக நினைப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பிளஸ் 2 முடித்த கையோடு இளநிலைக்குப் போக நினைப்பவருக்கு வழி கடினமானது. பொதுவாக ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, இங்கே ஓராண்டுக் கல்லூரிப் படிப்போ, அங்கே ஷ்டூடியன்கோலெக் எனப்படும் ஓராண்டு ஆயத்தப் படிப்போ வேண்டியிருக்கும். இளநிலைப் பாடங்களும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். முடிந்தால் இளநிலையை இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள்.

படி 1: நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது, கோடைப் பருவம் ஏப்ரலில். ஆங்கிலவழிப் படிப்புகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் மட்டுமே ஆள் சேர்க்கின்றன. பொதுவான கடைசித் தேதியாக ஜூலை 15 என்று பல இடங்களில் பார்ப்பீர்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஆஹன் ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளோருக்கு மார்ச் 1. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பல பிரிவுகளுக்கு மே 31. அதோடு, ஜூலையில் விண்ணப்பித்து ஆகஸ்டில் இடம் கிடைத்தால் அக்டோபருக்குள் விசா வாங்குவது பெரும்பாடு.

ஆகவே அக்டோபரில் வகுப்பில் உட்கார வேண்டுமென்றால், முந்தைய ஆண்டு ஜூலையில் பாடப்பிரிவு தேடத் தொடங்க வேண்டும். செப்டம்பருக்குள், உங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு (படி 4) அனுப்பிவிடலாம். ஆங்கிலத் தேர்வை நவம்பருக்குள் முடித்து, டிசம்பரிலிருந்து மார்ச் வரை விண்ணப்பங்களை அனுப்பலாம். இடம் உறுதியானதும் பணமும் விசாவும். பதினைந்து மாதம் என்பது நீண்ட காலம்போலத் தோன்றும். கல்லூரி அலுவலகத்தில் ஒரு மதிப்பெண் சான்றுக்கு அலைந்து பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது.

படி 2: பாடப்பிரிவுத் தேர்வு

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெரும்பாலோர் குறைந்த நேரம் செலவிடுவதும் இங்கேதான்.

ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தன் இணையதளத்தில் சர்வதேசப் படிப்புகளின் பட்டியலை வைத்திருக்கிறது. மொழி, பாடம், கட்டணம், பருவம் என்று வடிகட்டித் தேடலாம். அங்கிருந்து இருபது படிப்புகளைப் பொறுக்கி எடுங்கள். பிறகு அந்தப் பட்டியலை மூடிவிட்டு, ஒவ்வொரு துறையின் சொந்தப் பக்கத்துக்குப் போங்கள். தேதியிலோ தகுதியிலோ முரண்பாடு இருந்தால் துறையின் பக்கம் சொல்வதே செல்லும்.

அங்கே இரண்டு ஆவணங்களைத் தேடி எடுக்க வேண்டும். ஒன்று, சேர்க்கை விதிமுறை. மற்றொன்று மொடூல்ஹாண்ட்புஹ் எனப்படும் பாடக் கையேடு. சேர்க்கை விதிமுறையில் 'கணிதத்தில் இத்தனை கிரெடிட், இயற்பியலில் இத்தனை, நிரலாக்கத்தில் இத்தனை' என்று எழுதியிருப்பார்கள். அதை அவர்கள் வரிக்கு வரி சரிபார்ப்பார்கள். ஒன்பதுக்கு மேல் சி.ஜி.பி.ஏ. வைத்திருப்பவர் நிராகரிக்கப்படுவதும், ஏழரை வைத்திருப்பவருக்கு அதே படிப்பில் இடம் கிடைப்பதும் இதனால்தான். மின்னணுவியல் படித்தவர் 'டேட்டா சயின்ஸ்' என்ற பெயரில் மயங்கி விண்ணப்பிக்கிறார், புள்ளியியலில் ஆறு கிரெடிட் குறைகிறது, கதை முடிந்தது.

கிரெடிட் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அதில் சேர்த்தி. செமஸ்டருக்கு 30, மூன்றாண்டு இளநிலைக்கு 180. நம் பல்கலைக்கழகங்களின் கிரெடிட் வகுப்பு மணிகளை வைத்துக் கணக்கிடப்படுவது. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம், என்னென்ன தலைப்புகள், எந்த நூல் என்று ஒரு விரிதாள் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பல துறைகள் விண்ணப்பத்திலேயே இப்படியொரு ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்கின்றன. கேட்காத இடத்திலும், உங்களுக்கு அங்கே இடமுண்டா என்பதை அந்த விரிதாளே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

பல்கலைக்கழகமா, ஹோஹ்ஷூலே எனப்படும் செயல்முறைக் கல்லூரியா என்ற கேள்வியும் வரும். முன்னது ஆராய்ச்சி நோக்கம் கொண்டது. பின்னது தொழில்துறையோடு ஒட்டியது. முனைவர் பட்டம் எண்ணத்தில் இருந்தால் பல்கலைக்கழகமே நல்லது. வேலைதான் குறி என்றால் நல்ல ஹோஹ்ஷூலேயை இளக்காரமாகப் பார்க்கத் தேவையில்லை. உலகத் தரவரிசைப் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுப்பது நம்மவர்களின் பழக்கம். ஜெர்மனியில் வேலை கொடுப்பவர் உங்கள் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைக் கேட்பது அரிது. ஆய்வேட்டை எந்தத் தலைப்பில் செய்தீர்கள், மொழி எவ்வளவு தெரியும் என்றுதான் கேட்பார்.

ஊரையும் கவனியுங்கள். மியூனிக்கில் ஒரு அறையின் வாடகைக்குக் கெம்னிட்ஸிலோ மாக்டெபுர்கிலோ இல்மெனாவிலோ வாடகையும் சாப்பாடும் முடிந்துவிடும்.

படி 3: உங்கள் மதிப்பெண் அங்கே எவ்வளவு

ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை. மாற்றுவதற்குத் திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு 8.2 வாங்கியவருக்கு, தேர்ச்சி எல்லை 5 என்றால், 1.8-ஐ 5-ஆல் வகுத்து மூன்றால் பெருக்க 1.08, ஒன்றைக் கூட்டினால் 2.08. தேர்ச்சி எல்லை 4 என்று கொண்டால் இதுவே 1.9 ஆகிவிடும். 2.5-க்கு மேல் இருந்தால் பல படிப்புகளின் கதவு மூடிவிடும் என்பதால் இந்தச் சிறு வித்தியாசமும் முக்கியம். தேர்ச்சி எல்லை எது என்று காட்டும் பக்கத்தை மதிப்பெண் சான்றின் பின்புறத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

படி 4: ஏ.பி.எஸ். சான்றிதழ்

இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவையா, அங்கே படிக்கத் தகுதி தருகின்றனவா என்று டெல்லியிலுள்ள கல்வி மதிப்பீட்டு மையம் சரிபார்த்துத் தரும் ஆவணம் இது. கட்டணம் 18,000 ரூபாய். இணையத்தில் பதிந்து, பணம் கட்டி, ஆவணங்களை அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் 'கே. முருகன்', பத்தாம் வகுப்புச் சான்றில் 'முருகன் கே', பட்டத்தில் தகப்பனார் பெயர் முழுதாக என்று மூன்று விதமாகப் பெயர் இருப்பது தமிழ்நாட்டு மாணவர்களின் பரம்பரைத் தொல்லை. பாஸ்போர்ட்டை இப்போதே சரிசெய்து கொள்ளுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட், அங்கே வங்கியிலிருந்து காப்பீடு வரை ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்கம் கேட்க வைக்கும்.

இலங்கையில் படித்தவர்களுக்கு இந்தப் படியே கிடையாது.

படி 5: மொழி

ஆங்கிலவழிப் படிப்புக்கு ஐ.இ.எல்.டி.எஸ். 6.5 இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். இளநிலையை ஆங்கிலத்தில் படித்ததற்கான கடிதத்தைச் சில துறைகள் ஏற்கும், பல துறைகள் ஏற்காது.

ஜெர்மன் மொழி சேர்க்கைக்குத் தேவையில்லை என்று எழுதியிருந்தாலும் ஏ1, ஏ2 எனப்படும் தொடக்க நிலைகளை முடித்துவிட்டுப் போவது நல்லது. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் வகுப்பும் தேர்வும் உண்டு. அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை முதல் செமஸ்டரின் பாடச்சுமை விழுங்கிவிடும்.

படி 6: விண்ணப்பம்

சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக வாங்குகின்றன. பல, யூனி-அசிஸ்ட் என்ற பொது மையத்தின் வழியே வாங்குகின்றன. அங்கே ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. இன்னும் சில, யூனி-அசிஸ்டிடம் மதிப்பீட்டு ஆவணம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு தங்களிடம் விண்ணப்பிக்கச் சொல்லும். வி.பி.டி. எனப்படும் அந்த ஆவணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். உங்கள் கல்லூரி அங்கீகரிக்கப்பட்டதா என்பதை அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் பார்க்கலாம். எச்-பிளஸ் குறி இருந்தால் கவலையில்லை.

நோக்கக் கடிதத்தில் 'சிறு வயது முதலே எனக்கு இயந்திரங்கள் மீது ஆர்வம்' என்று தொடங்காதீர்கள். அதை வாசிக்கும் பேராசிரியர் அதே வரியைப் பலமுறை பார்த்திருப்பார். இறுதியாண்டு புராஜெக்டில் என்ன பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள், பாடக் கையேட்டில் எந்தப் பாடம் அதோடு தொடர்கிறது, எந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்பது போதும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஏழெட்டு விண்ணப்பங்கள் போதுமானவை. இருபது அனுப்புபவர் ஒரே கடிதத்தில் பல்கலைக்கழகப் பெயரை மட்டும் மாற்றத் தொடங்கிவிடுவார். ஏதாவது ஒன்றில் அதையும் மறப்பார்.

படி 7: பணம்

விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. ஷ்பெர்கோன்டோ எனப்படும் முடக்கக் கணக்கில் இதைப் போட்டுவிட்டால், அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் உங்கள் கைக்கு வரும். இது கட்டணம் இல்லை, உங்கள் பணமேதான். எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா போன்ற நிறுவனங்கள் இந்தக் கணக்கை இணையத்திலேயே திறந்து தருகின்றன. கல்விக் கடன் வாங்குபவர்கள் கடன் தொகையையே இந்தக் கணக்குக்கு அனுப்பலாம். வங்கிக் கிளையில் இதைப் புரியவைக்க இரண்டு மூன்று நடை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை அவ்வப்போது உயர்த்தப்படும். அனுப்பும் அன்று தூதரகப் பக்கத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

முடக்கக் கணக்கைத் தவிர விமான டிக்கெட், முதல் மாத வாடகை, வாடகை முன்பணம், செமஸ்டர் தொகை ஆகியவற்றுக்கென்று தனியாக 2,500 யூரோவாவது வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் கிளம்புபவர்கள் முதல் மாதமே கடன் கேட்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

உதவித்தொகையில் இரண்டை மட்டும் சொல்கிறேன். டி.ஏ.ஏ.டி.யின் வளர்ச்சி சார்ந்த முதுநிலைத் திட்டத்துக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். டாய்ச்லாண்ட்ஷ்டிபென்டியும் என்ற உதவித்தொகை மாதம் 300 யூரோ தரும். சேர்ந்த பிறகு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

படி 8: விசா

நீண்டகாலத் தேசிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 75 யூரோ. சேர்க்கைக் கடிதம், ஏ.பி.எஸ்., முடக்கக் கணக்குச் சான்று, காப்பீடு, மொழிச் சான்று, நோக்கக் கடிதம் ஆகியவை முக்கிய ஆவணங்கள். இடம் உறுதியான நாளிலேயே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள். முடிவு வர மூன்று மாதம் ஆகலாம் என்ற கணக்கில் திட்டமிடுங்கள். நிராகரித்தால் மறுபரிசீலனை மனு போடும் பழைய வழி 2025 ஜூலையோடு போய்விட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆகவே முதல் முறையே ஒழுங்காகக் கொடுப்பதுதான் லாபம்.

படி 9: அறை

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஷ்டுடீரண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு ஒவ்வொரு ஊரிலும் விடுதிகளை நடத்துகிறது. மலிவானவை அவைதான். காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீளும். சேர்க்கைக் கடிதத்துக்கு முன்பே பதிய அனுமதிக்கும் ஊர்களில் உடனே பதிந்துவிடுங்கள்.

அடுத்த வழி, வே.கே. எனப்படும் பகிர்வு வீடு. மூன்று நான்கு பேர் ஒரு வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருப்பார்கள், சமையலறை பொது. வீட்டுக்காரரைவிட ஏற்கெனவே குடியிருப்பவர்கள்தான் உங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் எழுதும் செய்தியில் என்ன சமைப்பீர்கள், எப்போது தூங்குவீர்கள், எதில் ஆர்வம் என்று மனிதராக எழுதுங்கள். இரண்டு வரி ஜெர்மனில் இருந்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

விளம்பரத்தில் 'கால்ட்' என்றால் வெறும் வாடகை. 'வார்ம்' என்றால் வெப்பமூட்டல் உட்பட. இரண்டுக்கும் நூறு யூரோவுக்கு மேல் வித்தியாசம் வரலாம். முன்பணம் மூன்று மாத வெறும் வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதை மூன்று தவணையாகக் கட்டவும் உரிமை உண்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்று யாராவது எழுதினால் அது மோசடி. விதிவிலக்கே கிடையாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அந்த முகவரியில் பதிவு செய்ய வீட்டுக்காரர் கடிதம் தருவாரா? தரமாட்டார் என்றால் அந்த அறை வேண்டாம். அடுத்த படியைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

படி 10: முதல் மாதம்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பது அதன் பெயர். மற்ற எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். வரி எண் அந்த முகவரிக்குத் தபாலில் வரும், அது வேலைக்குத் தேவை. பல வங்கிகளும் இந்தப் பதிவுத் தாளைக் கேட்கும். விசா காலாவதியாகும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் இதுவே அடிப்படை. அந்த அலுவலகத்தில் நாள் கிடைப்பது குதிரைக் கொம்பு. போய்ச் சேர்ந்த வாரமே எழுதிக் கேட்டுவிடுங்கள்; அனுப்பிய மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு அரசுக் காப்பீடு மாதம் ஏறத்தாழ 130 முதல் 150 யூரோவுக்குள் கிடைக்கும். தனியார் காப்பீடு மலிவாகத் தெரியும். ஆனால் அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. முப்பதைத் தாண்டாதவர்கள் அரசுக் காப்பீட்டிலேயே இருங்கள்.

மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி வானொலி-தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம் ஒரு நாள் வீட்டுக்கு வரும். டிவி இல்லை என்று சொன்னாலும் கட்ட வேண்டும். வீட்டுக்கு ஒன்றுதான் என்பதால் கூட இருப்பவர்களோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி வாங்கிவிடுங்கள். பெரிய நகரங்களில் ஈழத்தமிழர் கடைகளில் கறிவேப்பிலை முதல் இடியாப்ப மா வரை கிடைக்கும். நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் படிப்பவர்கள் ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒருமுறை போய்வரலாம். ஊர் ஏக்கத்துக்கு அது மருந்து.

படி 11: தேர்வு

நல்ல மாணவர்களும் தடுமாறுவது இங்கேதான். உள்மதிப்பீட்டு மதிப்பெண், வருகைப் பதிவு, மாதத் தேர்வு என்று நம்மைத் தாங்கிப் பிடித்த எதுவும் பெரும்பாலான பாடங்களில் இல்லை. செமஸ்டர் முடிவில் ஒரே தேர்வு. அதுவே முழு மதிப்பெண். வகுப்புக்கு வராவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தச் சுதந்திரத்தின் விலை பிப்ரவரியில் தெரியும்.

தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். பதிவு சில வாரங்களே திறந்திருக்கும்; தவறினால் அந்தப் பருவம் போனதுதான். பதிந்த பிறகு படிப்பு போதவில்லை என்று தோன்றினால், குறித்த நாளுக்குள் விலகலாம். விலகாமலும் வராமலும் இருந்தால் தோல்வி. நோய் என்றால் அன்றே மருத்துவச் சான்று வேண்டும்.

பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தோற்றால் இறுதித் தோல்வி. அந்தப் படிப்பிலிருந்து நீக்கப்படுவீர்கள். அதே படிப்பில் வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. அரியர் வைத்து எப்போதாவது முடித்துக்கொள்ளலாம் என்ற நம் மனக்கணக்கு அங்கே செல்லாது. ஆகவே முதல் செமஸ்டரில் 30 கிரெடிட்டையும் அள்ளிக்கொள்ளாமல் 20 முதல் 25-க்குள் நிறுத்துங்கள். பழைய வினாத்தாள்களைத் துறை மாணவர் மன்றமான ஃபாக்‌ஷாஃப்டில் கேளுங்கள். முடிவு வந்தபின் விடைத்தாளைப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு, தவறாமல் போங்கள். சில மதிப்பெண்கள் கூடித் தேர்ச்சியான கதைகள் ஏராளம்.

படி 12: பகுதிநேர வேலை

2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குள் பேராசிரியரிடம் செய்யும் ஹிவி வேலை இந்தக் கணக்கில் சேராது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் காப்பீட்டுச் சலுகை போய்விடும். குறைந்தபட்ச ஊதியம் 2026 முதல் மணிக்கு 13.90 யூரோ. கிடங்கு, உணவு விநியோக வேலைகள் எளிதில் கிடைக்கும். அவற்றிலேயே தங்கிவிடுவதுதான் ஆபத்து. இரண்டாம் செமஸ்டருக்குள், படித்துக்கொண்டே நிறுவனத்தில் செய்யும் துறை சார்ந்த வெர்க்‌ஷ்டுடென்ட் வேலைக்கு மாறப் பாருங்கள். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் வசிப்பு அனுமதி உண்டு என்றாலும், அதை நம்பி இருப்பவர்களைவிட, வெர்க்‌ஷ்டுடென்டாக இருந்த நிறுவனத்திலேயே ஆய்வேட்டையும் எழுதி, பி1 எனப்படும் இடைநிலை அளவுக்கு ஜெர்மன் பேசுபவர்களுக்குப் பட்டம் கைக்கு வருமுன்பே வேலை கிடைத்துவிடுவதுண்டு.